உருவமற்ற ஓவியமும் சாளரமற்ற சிற்றாலயமும்

பங்கு ஆலயத்தினுள் காலடி வைத்ததும் நம் கண்கள் எதைத் தேடுகின்றன? நற்கருணைப் பேழையையும் அதனருகே எரியும் அணையா விளக்கையும் தேடுகின்றன. பீடத்தின் மேலே பாடுபட்ட சுரூபம், ஒரு பக்கம் தேவதாய், மறுபக்கம் சூசையப்பர், இருபுறச் சுவர்களிலும் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். படிப்பறியாத பாட்டியும் இவற்றைப் பார்த்தே செபித்தார்; பள்ளிக்குச் செல்லும் பேரனும் இவற்றைப் பார்த்தே மறைக்கல்வியின் முதற்பாடத்தைக் கற்கிறான்.

இனி, ஒரு சிற்றாலயத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எட்டுப் பக்கச் சுவர்கள். அவற்றுள் ஒன்றில்கூடச் சாளரம் இல்லை. கூரையின் நடுவிலிருந்து மட்டும் மங்கலாக வெளிச்சம் இறங்குகிறது. சுவர்களில் 14 பெரிய ஓவியங்கள் தொங்குகின்றன; சில ஓராள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலானவை. அவற்றில் இயேசு இல்லை, மாதா இல்லை, சம்மனசு இல்லை, ஒரு மரமோ மலையோகூட இல்லை. கறுப்பும் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் கலந்த இருள் மட்டுமே இருக்கிறது. எதிரே சில மர விசிப்பலகைகள். அவ்வளவுதான்.

இது கற்பனையன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில், 1971ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்ட ராத்கோ சிற்றாலயம் இது. கத்தோலிக்கத் தம்பதியர் பொருள் கொடுத்தனர். யூத குலத்தில் பிறந்த ஓவியர் வரைந்தார். கட்டடக் கலைஞரோ பாதியில் விலகிக்கொண்டார். ஓவியர் அதன் திறப்பைக் காணவேயில்லை. ஓவியம் கட்டடத்திற்காகவா, கட்டடம் ஓவியத்திற்காகவா என்ற பழைய வழக்கு ஒரு மனிதரின் வாழ்நாளையே எப்படி விழுங்கியது என்பதை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

செய்தித்தாள் விற்ற சிறுவன்

மார்க் ராத்கோவின் இயற்பெயர் மார்க்கஸ் ராத்கோவிச். 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசின் ட்வின்ஸ்க் நகரில் பிறந்தார். இன்று அது லாத்வியா நாட்டில் டௌகாவ்பில்ஸ் என்ற பெயருடன் விளங்குகிறது. தந்தை மருந்துக்கடை நடத்தியவர். நான்கு மக்களில் இவரே கடைக்குட்டி. யூதர்கள்மீது வன்முறை பெருகிய காலம் அது. தந்தை முன்னதாக அமெரிக்கா சென்று ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் இடம்பிடித்தார். தாயும் அக்காளும் பத்து வயதுகூட நிரம்பாத மார்க்கஸும் 1913இல் கப்பலேறினர். அவர்கள் சென்றுசேர்ந்த சில மாதங்களில், 1914இல், தந்தை இறந்துபோனார். ஆங்கிலம் அறியாத சிறுவன் தெருவில் செய்தித்தாள் விற்றான்.

படிப்பில் கெட்டிக்காரர். 1921இல் உதவித்தொகையுடன் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குள்ள மேட்டுக்குடிச் சூழல் அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெறாமலே வெளியேறி, 1923இல் நியூயார்க் நகரை அடைந்தார். அங்கேதான் தூரிகை அவர் கையில் ஏறியது. ஓவியம் சோறு போடவில்லை. 1929 முதல் 1952 வரை புரூக்ளின் பகுதியில் யூதச் சமூக நிலையமொன்றின் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தே காலந்தள்ளினார். உலகப் புகழ்பெற்ற ஓவியர்களின் வரலாற்றில் இருபதாண்டுக்கு மேற்பட்ட இந்த வாத்தியார் உத்தியோகத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பயிற்சியற்ற பிள்ளை அச்சமின்றி வண்ணத்தை அள்ளிப் பூசுவதை நாள்தோறும் கண்டவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

தொடக்கத்தில் அவரும் உருவங்களையே வரைந்தார். நிலத்தடி இரயில் நிலையங்களில் தூண்களோடு தூண்களாய் ஒட்டி நிற்கும் மெலிந்த மனிதர்கள், 1930களின் பஞ்ச காலத்து முகங்கள். பின்னர், போர்க்காலத்தில், கிரேக்கப் புராணங்களை நாடினார். 1940களின் பிற்பகுதியில் உருவங்கள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. 1950ஐ நெருங்கும்போது, உயரமான கித்தானில் ஒன்றன்கீழ் ஒன்றாக மிதக்கும் இரண்டு மூன்று வண்ணக் கட்டங்களே எஞ்சின. விளிம்பு கூர்மையாக இராது. வண்ணம் மூச்சுவிடுவதுபோல் தோன்றும். நீர்த்த வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூசி, அடியிலிருந்து ஒளி கசிவதுபோல் ஆக்குவது அவர் கைப்பக்குவம்.

'இதற்கு என்ன பொருள்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிறுக்கல் என்றும் ஏமாற்று என்றும் நவீன ஓவியத்தை நாம் எள்ளி நகையாடியதுண்டு. எள்ளத்தக்கவையும் அவற்றுள் உண்டு என்பதே என் கருத்து. ஆயினும் ராத்கோவை அந்தக் கும்பலில் சேர்க்க இயலாது. தாம் வண்ணங்களை அடுக்கி அழகு காட்டுகிறவர் என்பதை அவரே கடுமையாக மறுத்தார். மனிதனின் துயரம், பேரின்பம், அழிவு ஆகியவையே தம் பொருள் என்றார். தம் ஓவியத்தின்முன் கண்ணீர் விடுகிறவர்கள், அதை வரையும்போது தாம் அடைந்த சமய அனுபவத்தையே அடைகிறார்கள் என்பது அவர் துணிபு.

மடத்துச் சுவரில் கற்ற பாடம்

1950இல் ராத்கோ முதன்முறையாக ஐரோப்பா சென்றார். பிளாரன்ஸ் நகரில் புனித மாற்கு மடம் அவரை ஆட்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் அம்மடத்தில் வாழ்ந்த சாமிநாதர் சபைத் துறவி பிரா ஆஞ்சலிகோ, துறவியரின் அறைகளில் அறைக்கு ஒன்றாகச் சுவரோவியம் தீட்டியிருக்கிறார். மங்கள வார்த்தை, சிலுவை மரணம், உயிர்ப்பு. ஒரு சிறிய அறை, ஒரு சிறிய சாளரம், ஒரே ஒரு ஓவியம், அதன்முன் ஒரே ஒரு துறவி. இத்துறவி ஓவியருக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1982இல் முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தார்.

இங்கே ஒரு தொழில் நுணுக்கத்தை விளக்குவது நன்று. பழைய சுவரோவியம் சுவரின்மேல் ஒட்டப்பட்டதன்று. ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்தின்மேல் நீரில் கரைத்த வண்ணம் பூசப்படும். சாந்து இறுகும்போது வண்ணமும் அதனுள் கல்லாக இறுகிவிடும். ஓவியம் வேறு, சுவர் வேறு என்று பிரிக்க முடியாது. கொத்தனாரும் ஓவியரும் ஒரே நாளில், ஒரே சாந்தில் வேலை செய்தனர். பின்னாளில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டும் முறை பரவிற்று. அன்றே ஓவியம் சுவரைவிட்டுக் கழன்றது. வாங்கலாம், விற்கலாம், வண்டியேற்றலாம் என்றாயிற்று. ஓவியருக்கு உரிமை கிடைத்தது, வீடு போயிற்று.

ராத்கோவின் பிற்கால வாழ்வெல்லாம் அந்த இழந்த வீட்டைத் தேடிய பயணம் என்றால் மிகையாகாது. தம் ஓவியங்களுக்குச் சட்டம் போட வேண்டாம் என்றார். தரைக்கு அருகே தாழ்வாக மாட்டுங்கள் என்றார். விளக்கொளி மங்கலாக இருக்கட்டும் என்றார். பார்ப்பவர் ஒன்றரை அடித் தொலைவுவரை நெருங்கி நிற்கட்டும் என்றார். பிறர் ஓவியங்களோடு கலந்து மாட்டுவதையும் விரும்பவில்லை. வாஷிங்டன் நகரின் பிலிப்ஸ் கலைக்கூடத்தில் 1960இல் அவருடைய ஓவியங்களுக்கென்றே சிற்றறை ஒன்று ஒதுக்கப்பட்டபோது, அதனைப் பார்க்கவந்த ஓவியர், நாற்காலிகளை அகற்றிவிட்டு ஒரே ஒரு விசிப்பலகை போடச் சொன்னார். அந்த ஏற்பாடு அங்கே நிலைத்துவிட்டது.

உணவு விடுதியும் உச்சிமாடியும்

1958இல் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. மீஸ் வான் டெர் ரோ, பிலிப் ஜான்சன் என்னும் புகழ்வாய்ந்த இரு கட்டடக் கலைஞர்கள் நியூயார்க்கில் எழுப்பிய சீக்ரம் மாளிகையில், செல்வர்களுக்கான உணவு விடுதி ஒன்று அமையவிருந்தது. அதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட 35,000 டாலர் பேசப்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. ராத்கோ பழைய உடற்பயிற்சிக் கூடமொன்றை வாடகைக்கு எடுத்து, விடுதி அறையின் அளவிலேயே சாரம் கட்டி, அதற்குள் நின்று வரைந்தார். மஞ்சளும் செம்மஞ்சளும் மறைந்து, அரக்கும் கறுப்பும் புகுந்தன. மிதக்கும் கட்டங்கள் மறைந்து, வாயிற்படி போலவும் அடைத்த சாளரம் போலவும் வடிவங்கள் தோன்றின.

இவ்வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னரே அவர் உணர்ந்தார். பிளாரன்ஸ் நகரத்து லாரன்சியன் நூலகத்தின் முன்கூடத்தை மைக்கேலாஞ்சலோ கட்டியபோது, சாளரச் சட்டங்களை அமைத்து அவற்றின் உட்புறத்தைச் சுவராலேயே அடைத்துவிட்டார். உள்ளே நிற்பவருக்கு, எல்லாப் பக்கமும் வழி இருப்பதுபோலவும் ஒரு பக்கமும் வழி இல்லாததுபோலவும் தோன்றும். அந்த உணர்வையே தாமும் நாடுவதாக ராத்கோ கூறினார். ஓவியரின் மனத்தில் கட்டடம் ஒன்று குடியேறியிருந்தது!

1959இல், விடுதி திறந்தபின், தம் மனைவியுடன் அங்கே உணவருந்தச் சென்றார். சுற்றிலும் பார்த்தார். பகட்டும் ஆரவாரமும் தட்டுகளின் ஓசையும். இவ்வளவு விலை கொடுத்து இங்கே உண்பவன் தம் ஓவியத்தை ஏறெடுத்தும் பாரான் என்று கோபத்துடன் வீடு திரும்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஓவியங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். முன்னரே இன்ன இடம் என்று தெரிந்துதானே ஒப்புக்கொண்டார் என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. உண்பவர்களின் பசியைக் கெடுக்கும் ஓவியத்தை வரையப்போவதாக அவரே ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னதாகவும் பதிவு உண்டு. ஆனாலும் கைக்கு வந்த பணத்தை மனச்சான்றுக்காகத் திருப்பிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

அடுத்தது ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே கட்டடக் கலைஞர் செர்ட் எழுப்பிய புதுக் கட்டடத்தின் உச்சிமாடி உணவுக்கூடத்திற்கு ஐந்து பெரிய ஓவியங்கள். அவற்றை 1962இல் பல்கலைக்கழகத் தலைவர் வந்து பார்த்தபோது, இருண்ட பகுதி பெரிய வெள்ளியன்று கிறிஸ்து பட்ட பாடுகளையும், ஒளிமிக்க பகுதி உயிர்ப்பையும் குறிப்பதாக ராத்கோ விளக்கினார். யூதராகப் பிறந்த ஓவியரின் வாயிலிருந்து வந்த விளக்கம் இது. 1964இல் ஓவியங்கள் சுவரேறின. ஆனால் அந்தக் கூடத்தில் ஊர் முழுவதையும் காட்டும் அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன. திரைகளை மூடிவைக்க வேண்டும் என்று ஓவியர் கேட்டுக்கொண்டார். காட்சியை இழக்க யாருக்கு மனம் வரும்? திரைகள் திறந்தே கிடந்தன. அவர் பயன்படுத்திய செந்நிறப் பொடிகளுள் ஒன்று வெயில் தாங்காத வகை. செம்மை வெளுத்து, ஓரிடத்தில் நீலமும் ஓரிடத்தில் சாம்பலுமாகத் திரிந்தது. 1979இல் அனைத்தையும் கழற்றி இருட்டறைக்குக் கொண்டுசென்றனர். 2014இல் அங்குள்ள அருங்காட்சியகத்தார் ஒரு புதுமை செய்தனர். ஓவியத்தில் தூரிகை படாமல், பழைய நிழற்படங்களைக் கொண்டு இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, அந்த நிறத்தை ஒளியாக ஓவியத்தின்மேல் பாய்ச்சிக் காட்டினர். விளக்கை அணைத்தால் வெளுத்த ஓவியம் மீண்டும் வெளுத்தே நிற்கும்.

கட்டடத்தை மதியாத ஓவியர் தவறினாரா, ஓவியத்தை மதியாத கட்டடம் தவறியதா? இருபக்கமும் குறை உண்டு. வெயில் தாங்காத வண்ணத்தை வெயில் புகும் அறைக்குக் கொடுத்தது ஓவியரின் பிழையே.

சாமிநாதர் சபைக் குரு விதைத்த விதை

இப்போது திருச்சபையின் பக்கம் திரும்புவோம். பிரான்சு நாட்டில் மரி அலேன் கூத்துரியே என்னும் சாமிநாதர் சபைக் குரு இருந்தார். அக்காலத்து ஆலயங்களில் ஒரே அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மை போன்ற சுரூபங்கள் மலிந்திருப்பதைக் கண்டு வருந்தியவர். திறமையற்ற பக்தரைவிடப் பக்தியற்ற மேதையிடம் பணியை ஒப்படைப்பதே மேல் என்று துணிந்து சொன்னவர். அவருடைய முயற்சியால் ஆல்ப்ஸ் மலையடுக்கில் அசி என்னுமிடத்து ஆலயம் 1950இல் அபிஷேகம் பெற்றது. ரூவோ வண்ணக் கண்ணாடி தந்தார். பொதுவுடைமையாளர் லெஜே முகப்பில் மாதாவின் மன்றாட்டு மாலையைக் கல்பதித்தார். யூதர்களான ஷகாலும் லிப்ஷிட்சும் பணி செய்தனர். ஜெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி வடித்த சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்கு முகமே தெளிவாக இல்லை. பக்தர்கள் கொதித்தெழுந்தனர்; 1951இல் ஆயர் அச்சிலுவையை அகற்றச் செய்தார். பிற்காலத்தில் அது மீண்டும் தன் இடத்திற்கு வந்தது. அதே 1951இல் வான்ஸ் நகரில் முதிய ஓவியர் மத்தீஸ் கட்டிமுடித்த செபமாலைச் சிற்றாலயமும் அபிஷேகம் பெற்றது.

கூத்துரியே குருவானவர் 1954இல் இறந்தார். அதற்கு முன், 1952இல், அமெரிக்காவில் குடியேறிய பிரெஞ்சுத் தம்பதியரான ஜான் தெ மெனில், டொமினிக் தெ மெனில் ஆகியோரை இவ்வாலயங்களுக்கு அழைத்துச் சென்று காட்டியிருந்தார். எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவித் தொழிலில் செல்வம் ஈட்டிய குடும்பம். டொமினிக் அம்மையார் புரொட்டஸ்டாண்டு குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்க மறையைத் தழுவியவர். அந்த விதை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து முளைத்தது. ஹூஸ்டன் நகரில் பசிலியன் சபைக் குருக்கள் நடத்தும் புனித தோமாஸ் பல்கலைக்கழகத்திற்கு ஒரு சிற்றாலயம் கட்டித்தர இத்தம்பதியர் முன்வந்து, 1964இல் ராத்கோவை நாடினர். கட்டடக் கலைஞர்? சீக்ரம் மாளிகையில் பங்கேற்ற அதே பிலிப் ஜான்சன்!

காலமும் கனிந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று அறிவித்தது. 1964 மே 7ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் சிஸ்டின் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்து, திருச்சபைக்கும் கலைஞருக்கும் இடையே முறிந்த நட்பைப் புதுப்பிக்க வேண்டினார். திருச்சபையின் பக்கம் இருந்த குறைகளையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

எண்கோணமும் கூரைச் சாளரமும்

ராத்கோ மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். நியூயார்க்கில் பழைய குதிரைவண்டிக் கொட்டில் ஒன்றைப் பிடித்து, வரப்போகும் சிற்றாலயத்தின் மூன்று சுவர்களை முழு அளவில் மரத்தால் அங்கேயே எழுப்பிவிட்டார். கப்பிகளும் கயிறுகளும் கட்டி, ஓவியங்களை ஓர் அங்குலம் ஏற்றியும் ஓர் அங்குலம் இறக்கியும் நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கூரைச் சாளரத்தின் ஒளி கூசாதிருக்கப் பாரசூட் துணி ஒன்றை அதன்கீழ் விரித்தார். பெரும் பரப்புகளுக்கு வண்ணம் பூச உதவியாளர் இருவர் இருந்தனர். வண்ணப்பொடியும் எண்ணெயும் மட்டுமல்ல, கோழி முட்டையும் உடைத்துச் சேர்க்கப்பட்டது. பழைய இத்தாலிய ஓவியர்களின் கைமுறையை ஒட்டிய கலவை அது.

எண்கோண வடிவம் ஓவியரின் விருப்பம். பழங்காலத் திருமுழுக்கு ஆலயங்கள் எண்கோணமாகவே எழுந்தன என்பது நம் வாசகர்களுள் பலர் அறிந்ததே. ஏழு நாள் படைப்புக்குப் பின் எட்டாம் நாள் ஆண்டவர் உயிர்த்த நாள். ராத்கோவின் மனத்தில் வெனிஸ் அருகே டொர்சல்லோ தீவிலுள்ள மாதா ஆலயமும் இருந்தது. அங்கே நுழைவாயில் சுவரில் பொதுத்தீர்வையின் கல்பதிப்போவியம். எதிர்ப்புறப் பீட முகட்டில் பொன்னொளியில் தேவதாய். அச்சத்திற்கும் அடைக்கலத்திற்கும் நடுவே விசுவாசி நிற்கிறான். ஹூஸ்டனிலும் நுழைவாயில் சுவரில் ஓர் இருண்ட ஓவியமும், எதிரே பீடம் இருக்கவேண்டிய இடத்தில் கத்தரிப்பூ நிறத்து முப்பலகை ஓவியமும் அமைந்தன. உருவம் மறைந்தது, அமைப்பு நின்றது. மொத்தம் 14 ஓவியங்கள் என்னும் கணக்கு நமக்கு உடனே எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தகராறு கூரையில் எழுந்தது. எண்கோணத்தின்மேல் உயர்ந்த கூம்புக் கோபுரம் எழுப்பி, அதன் வழியாக ஒளியை இறக்க ஜான்சன் திட்டமிட்டார். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஆலயம் என்று தெரியவேண்டாமா என்பது அவர் நியாயம். கட்டடம் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டாம், என் ஓவியக் கொட்டிலில் உள்ளதுபோன்ற எளிய கூரைச் சாளரமே போதும் என்பது ராத்கோவின் பிடிவாதம். புரவலர்கள் ஓவியரின் பக்கம் நின்றனர். 1967இல் ஜான்சன் விலகிக்கொண்டார். ஹூஸ்டன் கட்டடக் கலைஞர்களான பார்ன்ஸ்டோனும் ஆப்ரியும் பணியை ஏற்றனர். கோபுரம் இல்லை, செங்கல் பெட்டி போன்ற தாழ்ந்த கட்டடமே எழுந்தது. ஓவியங்கள் அதே 1967இல் முடிந்துவிட்டன.

கட்டடம் எழுமுன் ஓவியரின் உடல் சரிந்தது. 1968இல் பெருநாடி வீங்கிக் கடும் நோயுற்றார். பெரிய கித்தான்களை இனித் தொடலாகாது என்று மருத்துவர்கள் தடுத்தனர். மனைவியைப் பிரிந்து தனியே வாழ்ந்தார். மதுவும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. 1970 பிப்ரவரி 25ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 66. மகளுக்கு 19 வயது, மகனுக்கு 6 வயது. உணவு விடுதிக்காக வரைந்து மீட்ட ஓவியங்களுள் ஒன்பதை இலண்டன் டேட் கலைக்கூடத்திற்குக் கொடையாக அனுப்பியிருந்தார். அவை இலண்டனில் வந்திறங்கியதும் அதே நாளில்தான். அந்த இரவில் அவர் உள்ளத்தில் நடந்ததை இறைவன் ஒருவரே அறிவார். அவருக்கே அதை விட்டுவிடுவோம்.

ஓராண்டும் இரண்டு நாளும் சென்றபின் சிற்றாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இதற்கிடையே மற்றொரு மாற்றம். புரவலர்களுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இருந்த தொடர்பு அற்றுவிட்டதால், கத்தோலிக்கச் சிற்றாலயமாகத் திட்டமிட்டது எல்லாச் சமயத்தாருக்கும் உரிய செபக்கூடமாயிற்று. உருவங்களால் நம் உலகம் நிரம்பித் திணறுகிறது, உருவமற்ற கலையே இறைமையின் வாயிற்படிக்கு நம்மை இட்டுச்செல்லும் என்ற பொருள்பட டொமினிக் அம்மையார் அன்று உரையாற்றினார். இதை முற்றும் ஏற்க எனக்கு இயலவில்லை. வார்த்தையானவர் மாம்சமானார் என்று விசுவசிக்கிற நமக்கு, உருவம் தடைக்கல்லன்று. கைகால் உடைய இயேசுவே வாயில். நம் பங்கு ஆலயத்துச் சிலுவைப்பாதையைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கித்தானைத் தொங்கவிட நான் ஒருபோதும் வேண்டேன். ஆயினும் தவக்காலத்தின் கடைசி நாள்களில் நம் முன்னோர் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவைத்ததை நினைத்துக்கொள்கிறேன். பெரிய வெள்ளி மாலையில், திறந்து கிடக்கும் வெறுமையான பேழைமுன் முழந்தாளிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஹூஸ்டன் கூடம் முற்றிலும் அந்நியமாக இராது.

வெயிலும் புயலும்

கட்டடக் கலைஞரை வென்ற ஓவியர், வெயிலை வெல்லவில்லை. நியூயார்க்கின் மங்கிய ஒளியில், பாரசூட் துணியின்கீழ் வரைந்த ஓவியங்கள் அவை. டெக்சஸ் வெயிலோ நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததன்று. கூரைச் சாளரத்தின் வழியே கொட்டிய ஒளி கண்ணைக் கூசவைத்தது. ஓவியங்கள் இருண்டு ஒளிந்தன. ஓவியர் ஒருமுறையும் அந்நகருக்குச் சென்று அங்குள்ள ஒளியைப் பார்த்ததில்லை. முதலில் துணித்திரை கட்டினர். பின்னர் 1970களிலேயே சாளரத்தின்கீழ் கனத்த மறைப்பு ஒன்றைத் தொங்கவிட்டனர். அதனால் கூசல் குறைந்தது, ஆனால் மறைப்பே தலைக்குமேல் பாரமாய்த் தொங்கி, மேலே வானம் இருப்பதையே மறைத்தது. கலவையில் சேர்த்த முட்டையாலும் எண்ணெயாலும் கறுப்புப் பரப்புகளில் வெண்பூச்சுப் படர்ந்து, அதனைப் போக்கவும் வல்லுநர் தேவைப்பட்டனர். 1999, 2000 ஆண்டுகளில் ஒரு பெரும் பழுதுபார்ப்பு நடந்தது.

ஐம்பதாண்டு நெருங்கியபோது மீண்டும் முழுமையாகச் சீரமைக்க முடிவு செய்து, 2019இல் கதவைச் சாத்தினர். மறைப்பை அகற்றி, ஒளியைச் சுவர்ப்பக்கம் திருப்பும் தகடுகள் கொண்ட புதுக் கூரைச் சாளரத்தைப் பொருத்தினர். 2020 செப்டம்பரில் சிற்றாலயம் திறந்தது. தந்தையை இழந்தபோது ஆறு வயதுப் பிள்ளையாயிருந்த மகன் கிறிஸ்டபர் ராத்கோ அந்தப் பணியில் முன்னின்றார். மேகம் ஒன்று கதிரவனைக் கடந்தால் 14 ஓவியங்களும் நிறம் மாறுவதை இப்போது காணலாம். கறுப்பு என்று நினைத்தது அரக்காகும். அரக்கு என்று நினைத்ததில் ஊதா எழும்பும். கால்மணி நேரமாவது அசையாமல் அமர்ந்தவருக்கே இது தெரியும். எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குக் கறுப்பு மட்டுமே.

ராத்கோவின் பிற ஓவியங்கள் இன்று பெருஞ்செல்வர்களின் ஏலப்பொருள். 1961இல் வரைந்த ஒன்று 2012இல் எட்டுக் கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஹூஸ்டன் ஓவியங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. அவை சுவரோடு கிடப்பவை. சுவருக்கு வருவது அவற்றுக்கும் வரும். 2024 ஜூலைத் திங்களில் பெரில் என்னும் புயல் ஹூஸ்டனைத் தாக்கியபோது கூரையினூடே நீர் கசிந்து, சுவர்களும் சில ஓவியங்களும் சேதமுற்றன. ஆகஸ்டில் மூடிய கதவு, கூரையும் சுவர்களும் செப்பனிடப்பட்டபின் அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் திறந்தது.

நுழைவுக்கட்டணம் கிடையாது. வாயிலருகே பல சமயங்களின் திருநூல்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் விவிலியமும் அவற்றுள் ஒன்று. வேண்டியவர் வேண்டிய நூலை எடுத்துச்சென்று விசிப்பலகையில் அமர்ந்து வாசிக்கலாம், வெளிச்சம் போதுமானால்.